நான்கு மஞ்சள் ஷில்லிங்

இது நடந்தது அறுபதுகளின் தொடக்கத்தில், இங்கிலாந்தில் லங்காஷயர் பக்கம் ஒரு சின்ன ஊரில். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. கோவையில், பீளமேட்டைத் தாண்டி இருந்த ஒரு நூற்பாலையில் உதவி இன்ஜினியர். ஆலைக்குப் புதிய நூற்பு இயந்திரங்கள் வாங்க முடிவானதும், அவற்றைப் பூட்டவும் பழுது பார்க்கவும் கற்றுவர என்னையும் எங்கள் ஃபிட்டர் மேஸ்திரியையும் நான்கு மாதம் அங்கே அனுப்பினார்கள்.

மேஸ்திரி சென்னிமலை அடிவாரத்துக்காரர். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்தான். ஆனால் ஓடுகிற இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு நிமிஷம் காதைக் கொடுத்து நின்றால், நூல் சுற்றும் ஸ்பிண்டில்களில் எது தள்ளாடுகிறது என்று சொல்லிவிடுவார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அதற்கு நான் இருந்தேன்.

பணத்துக்கும் நான்தான். அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்குப் போகிறவன் நினைத்த அளவு இங்கிலீஷ் பவுன் பணம் வாங்க முடியாது. அரசாங்கம் அனுமதித்த கொஞ்சத்தை டிராவலர்ஸ் செக்காக வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கும்போது ஒவ்வொரு செக்கிலும் ஒரு கையெழுத்து. அங்கே போய் மாற்றும்போது, பாஸ்போர்ட்டைக் காட்டி, வங்கிக்காரர் கண்ணெதிரே இன்னொரு கையெழுத்து. இரண்டும் ஒத்துப்போனால்தான் காசு. கோவை வங்கியில் மேஸ்திரியை மூன்று முறை கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மூன்றும் மூன்று விதமாக வந்தன.

"என்ற கையெழுத்து அந்தியூர்ச் சந்தை மாடாட்டமுங்க. ஒண்ணாட்டம் இன்னொண்ணு நிக்காது" என்று அவரே சிரித்துவிட்டார்.

வம்பு வேண்டாமென்று அவர் பங்குக்கான செக்குகளையும் என் பெயரிலேயே எழுதி வாங்கினோம். அவருடைய காசுக்கும் என் கைதான் என்று ஆனது அப்படித்தான்.

தொழிற்சாலைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு விதவை அம்மாள் வீட்டு மாடியில் ஒரே அறையில் தங்கினோம். அறைக்குள் கேஸ் கணப்பு ஒன்று உண்டு. அதன் பக்கத்தில் சுவரோடு ஒரு மீட்டர் பெட்டி. அதில் ஒரு ஷில்லிங் நாணயத்தைப் போட்டுத் திருகினால் சில மணி நேரம் எரியும். காசு தீர்ந்தால் நெருப்பும் அணைந்துவிடும். நாங்கள் போய் இறங்கியது பிப்ரவரி மாதம். ஷில்லிங் இல்லாத அறையில் விரலை மடக்க முடியாது. பெட்டியின் சாவி வீட்டுக்கார அம்மாளிடம் இருந்தது. மாதம் ஒருமுறை திறந்து காசை எடுத்துக்கொள்வார்.

வெள்ளிக்கிழமைதோறும் மதிய இடைவேளையில் வங்கிக்குப் போய் ஒரு செக்கை மாற்றி, மேஸ்திரியின் பங்கை அவர் கையில் கொடுப்பேன். இரண்டு கையும் நீட்டி வாங்கிக்கொள்வார். அன்று மாலை அறைக்கு வந்ததும் அவருக்கு ஒரு வேலை உண்டு. அந்தக் காசிலிருந்து ஒரு ஷில்லிங்கை எடுத்துக் கழுவுவார். ஊரிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் பொடியைக் குழைத்து இரண்டு பக்கமும் பூசுவார். மஞ்சளில் நனைத்த வேட்டிக் கிழிசல் ஒன்றில் வைத்து, பழைய முடிச்சை அவிழ்த்து, சேர்த்து முடிந்து, தகரப் பெட்டிக்குள் முருகன் படத்துக்கு அடியில் வைப்பார். சென்னிமலை உண்டியலுக்கான காணிக்கை. ஊரில் அவர் மனைவிக்கு அப்போது ஆறு மாதம். அதற்கு முன்பு மூன்று முறை வயிற்றில் தங்காமல் போயிருந்தது. அப்படி முடிந்து வைத்த காசை உண்டியல் சேரும்வரை வேறு எதற்கும் தொடக்கூடாது என்பது எங்கள் பக்கம் சின்னக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் படித்தவன் என்ற எண்ணத்தில், "மேஸ்திரி, உங்க முருகன் இங்கிலீஷ்காரன் காசை வாங்குவாரா?" என்று ஒருநாள் கிண்டல் செய்தேன்.

"அவுரு மலை மேல இருக்கறவருங்க. எல்லா ஊரும் தெரியும், எல்லா ஊருக் காசும் தெரியும்" என்றார்.

ஏப்ரலில் ஈஸ்டர் வந்தது. வெள்ளி முதல் திங்கள்வரை நான்கு நாள் விடுமுறை என்று வியாழக்கிழமை மாலை தொழிற்சாலையில் சொன்னார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். கையில் மிச்சமிருந்த காசில் ஒரு கம்பளிக் கழுத்துத் துண்டு வாங்கிக்கொண்டேன். மறுநாள்தான் செக் மாற்றப் போகிறோமே என்ற தைரியம். எங்கள் ஊரில் மில்லுக்கு லீவு என்றால் வங்கி வேலையெல்லாம் பார்த்துக்கொள்ள நல்ல நாள். அதே கணக்கை அங்கேயும் போட்டேன். இத்தனைக்கும் நான் படித்தது பாதிரிமார் பள்ளியில். பெரிய வெள்ளிக்கு வருஷா வருஷம் விடுமுறை வாங்கியவன். வங்கியின் மூடிய கதவைப் பார்த்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது.

சரி, சனிக்கிழமை அரைநாள் வங்கி உண்டு என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். விடுமுறைதானே என்று சனிக்கிழமை தாமதமாக எழுந்தேன். நேரமாகிவிட்டது என்று பஸ் ஏறிப் போய் வரிசையில் நின்று செக்கை நீட்டினால், பாஸ்போர்ட் எங்கே என்றார் வங்கிக்காரர். பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தேன். இரண்டு மாதமாக என் முகம் பார்க்கிற மனிதர்தான். சட்டம் சட்டம்தான் என்றார். திரும்பி ஓடினேன். பாஸ்போர்ட்டோடு நான் மறுபடி வந்தபோது பன்னிரண்டு அடித்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். இனிச் செவ்வாய்க்கிழமைதான். பஸ்ஸுக்கும் காசில்லை. பனியும் மழையுமாக விழுந்த ஈரத்தில் நடந்தே அறைக்கு வந்தேன். சட்டைப் பைக்குள் நூறு பவுனுக்குமேல் பெறுமான செக் இருந்தது. ஒரு ரொட்டி வாங்க வழியில்லை.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. வீட்டுக்கார அம்மாள் ஈஸ்டருக்குத் தன் தங்கை வீட்டுக்குப் போகும்போது ரொட்டியும் முட்டையும் பாலும் வைத்துவிட்டுப் போயிருந்தார். கணப்புக்குத்தான் காசில்லை. மேஸ்திரியிடம் இருந்த கடைசி இரண்டு ஷில்லிங்கும் சனிக்கிழமை இரவோடு மீட்டருக்குள் போய்விட்டன. ஞாயிறு பகலில் நெருப்பு அணைந்தபோது எனக்குக் காய்ச்சல் தூக்கித் தூக்கிப் போட்டது. மேஸ்திரி என் கம்பளிக்கு மேல் தன் கம்பளியைப் போர்த்தினார். அதற்கு மேல் தன் சென்னிமலைப் போர்வையையும் போட்டார். அப்படியும் பல் கிட்டியது.

"பக்கத்து ஊட்டுல கேட்டுப் பாக்கட்டுங்களா?" என்றார்.

"வேண்டாம் மேஸ்திரி. ஒரு ஷில்லிங்குக்குப் போய் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டறதா? நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"காச்சல்காரனுக்கு நெருப்புக் கேக்கறதுல என்னங்க மானம்?"

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். மேஸ்திரி தன் கோட்டை மாட்டினார். தொழிற்சாலை வாசலில் இருக்கும் காவல்காரர் அவருக்குச் சிநேகிதம். பாஷை தெரியாமலே இரண்டு பேரும் கையாலும் தலையாலும் பேசிக்கொள்வார்கள். "அவருகிட்ட நாலு காசு வாங்கிப்போட்டு வாரேனுங்க. சித்த நேரம் படுத்திருங்க" என்று சொல்லிவிட்டு அந்தக் குளிரில் இறங்கிப் போனார்.

அவர் போய்க் கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது. நான் எழுந்தேன். அவருடைய தகரப் பெட்டிக்குப் பூட்டு கிடையாது. முருகன் படத்தை நகர்த்தினேன். மஞ்சள் துணியை அவிழ்த்து நான்கு ஷில்லிங் எடுத்து, ஒவ்வொன்றாக மீட்டரில் போட்டுத் திருகினேன். கடைசிக் காசு உள்ளே விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. காய்ச்சல் மயக்கத்தில் செய்தேன் என்று சொல்லமாட்டேன். முடிச்சைப் பழையபடி முடிந்து, படத்தை இருந்த இடத்திலேயே வைக்குமளவு எனக்குத் தெளிவு இருந்தது.

முக்கால் மணி நேரத்தில் மேஸ்திரி வந்தார். தலைமுடியெல்லாம் பனி. உள்ளங்கையில் மூன்று ஷில்லிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"அடடா, அடுப்பு எரியுதுங்களே!"

"கோட்டுப் பையில நாலு காசு கிடந்தது மேஸ்திரி. இப்பத்தான் பார்த்தேன்."

"சென்னிமலையான் கண்ணத் தொறந்துட்டானுங்க" என்று கையைக் கூப்பினார். கொண்டுவந்த மூன்று ஷில்லிங்கை மறுநாளைக்கு ஆகும் என்று மீட்டர் பெட்டியின் மேலே அடுக்கி வைத்தார்.

செவ்வாய்க்கிழமை காய்ச்சல் விட்டது. வங்கிக்குப் போய்ச் செக்கை மாற்றினேன். காவல்காரரின் காசைக் கொடுத்தனுப்பினேன். மேஸ்திரி குளிக்கப் போன நேரத்தில் புது ஷில்லிங் நான்கை அந்த முடிச்சுக்குள் வைத்து முடிந்தேன். மற்றவை மஞ்சளாக இருந்தன. இவை வெள்ளையாகப் பளபளத்தன. துணியில் இருக்கும் மஞ்சள் போகப் போக ஒட்டிக்கொள்ளும் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். எடுத்ததை வைத்தாயிற்று, யாருக்கும் நஷ்டமில்லை. இதுதான் அன்று நான் போட்ட கணக்கு.

அந்த வெள்ளிக்கிழமைக்குள்ளேயே எல்லாம் வெளியே வந்துவிட்டது. வியாழக்கிழமை காலை நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வீட்டுக்கார அம்மாள் மீட்டரைத் திறந்து காசை எடுத்து வந்தார். நான்கு ஷில்லிங்கைத் தனியாகப் பொறுக்கி மேஜையில் வைத்தார். ராணியின் தலையைச் சுற்றி எழுத்துகளின் இடுக்கிலெல்லாம் மஞ்சள் அப்பியிருந்தது.

அவர் முகம் சரியாக இல்லை. முன்பு தங்கியிருந்த ஒருவன் தகரத் தட்டை ஷில்லிங் அளவுக்கு வெட்டி மீட்டரில் போட்டு அவரை ஏமாற்றியிருக்கிறான். அதிலிருந்து அவருக்குச் சந்தேகம். இந்தக் காசுகளுக்கு என்ன செய்தீர்கள், எதையாவது பூசி ஏமாற்றப் பார்த்தீர்களா, உங்களில் யார் இதைப் போட்டது என்று என்னைக் கேட்டார்.

எனக்குத்தானே ஆங்கிலம் தெரியும். என்னைத்தானே கேட்க முடியும்.

உண்மையைச் சொல்ல இரண்டு வாக்கியம் போதும். எனக்குக் காய்ச்சல், இவருடைய காணிக்கைக் காசை நான் எடுத்துப் போட்டேன் என்று சொல்லியிருந்தால் அந்த அம்மாள் சிரித்துக்கூட இருப்பார். ஆனால் அவர் என்னை ஒரு கனவானாக மதித்து வைத்திருந்தார். கூட வந்தவனின் பெட்டியைத் திறந்தவன் என்று அவர் முன்னால் நிற்க எனக்கு மனம் வரவில்லை. மேஸ்திரி பக்கம் தலையை அசைத்தேன். "அவர்தான். அவர்கள் ஊர் வழக்கம், காசில் எதையோ பூசுவார்" என்றேன். 'அவர்கள் ஊர்' என்றுதான் சொன்னேன். எனக்கும் அதுதான் ஊர்.

"என்னங்க கேக்கறாங்க?" என்றார் மேஸ்திரி.

"ஒண்ணுமில்லை, கேஸ் கணக்கு" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. காசுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றைத் தொட்டு, விரல் நுனியில் ஒட்டிய மஞ்சளை மூக்கருகே கொண்டுபோனார். எழுந்து மாடிக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் அந்த முடிச்சு இருந்தது. மேஜை மேல் வைத்து அவிழ்த்தார். அதிலிருந்த நான்கு வெள்ளை ஷில்லிங்கை எடுத்து அந்த அம்மாள் முன்னால் வரிசையாக வைத்தார். நான்கு மஞ்சள் ஷில்லிங்கை எடுத்துக் கண்ணில் ஒற்றி, துணிக்குள் வைத்து முடிந்தார்.

அதை அந்த அம்மாள் ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டார். பிடிபட்டதும் நல்ல காசைக் கொடுத்துவிட்டான் என்று என்னிடம் சொன்னார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வாரமே மேஸ்திரியை வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். தொழிற்சாலைக்காரர்கள் ஊருக்கு வெளியே கூலிக்காரர்கள் தங்கும் விடுதியில் அவருக்கு ஒரு கட்டில் பிடித்துக் கொடுத்தார்கள். "அந்தம்மாளுக்கு இடம் வேணுமாம் மேஸ்திரி" என்று இன்னொரு பொய் சொன்னேன். "ஆகட்டுங்க" என்று தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். பேச ஒரு ஆள் இல்லாமல், மிச்சமிருந்த ஏழெட்டு வாரமும் அவர் அங்கேதான் இருந்தார். நான் கணப்பு உள்ள அறையில் தனியாக இருந்தேன்.

வெள்ளிக்கிழமை மட்டும் தப்பவில்லை. செக்குகள் என் பெயரில்தானே இருந்தன. தன் சம்பாத்தியத்துக்கு அவர் என்னிடம்தான் வந்து நிற்க வேண்டும். வந்தார். எப்போதும்போல இரண்டு கையும் நீட்டி வாங்கிக்கொண்டார். அவர் முகம் கொடுக்காமல் இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவரோ, "உடம்பு எப்படிங்க இருக்குது, காச்சல் திரும்ப வரலீங்களே?" என்று விசாரித்தார்.

அந்த வாரங்களில் நான் பட்ட பயத்தையும் சொல்லிவிடுகிறேன். சாமி காரியத்தைக் கிண்டல் செய்தவன் நான். ஆனால் ஊரிலிருந்து தபால் வரும்போதெல்லாம், கர்ப்பிணிக்கு ஏதாவது ஆகியிருந்தால் அதற்கு நான்தான் காரணம் என்று தோன்றும். மே மாதக் கடைசியில் அவருக்குக் கடிதம் வந்தது. படித்துக் காட்டச் சொல்லி என்னிடம்தான் கொண்டுவந்தார். தமிழில்தான் இருந்தது, ஆனால் பிரிக்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. பெண் குழந்தை, தாயும் சேயும் சுகம் என்று படித்தேன். "நீங்க ஏனுங்க அழுகறீங்க?" என்று அவர் சிரித்தார்.

ஜூனில் ஊர் திரும்பினோம். பம்பாயிலிருந்து ரயில். ஈரோட்டில் இறங்கி அவர் நேரே சென்னிமலைக்குப் போவதாக இருந்தார். வண்டி காவிரிப் பாலத்தைத் தாண்டியது. பெட்டியைக் கீழே இறக்கி வைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தார். இடுப்பில் வேட்டி மடிப்புக்குள் அந்த முடிச்சு புடைத்துக்கொண்டு தெரிந்தது.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கோணும். மனசுல வெச்சுக்காதீங்க."

"கேளுங்க மேஸ்திரி."

"காசு எடுத்தது தப்பில்லீங்க. காச்சல்ல கெடந்தீங்க. கேட்டிருந்தா நானே அவுத்துக் குடுத்திருப்பேன். ஒரு உசுருக்கு ஆகாத காசு சாமிக்கு எதுக்குங்க? அதையப் பத்தி இல்ல." இடுப்பு முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அன்னைக்கு அந்தம்மா கேட்டாங்களே, அப்ப நீங்க என்ற பேரச் சொன்னீங்களா? அவுங்க என்னய ஒரு மாதிரி பாத்தாங்க. அதான்."

வண்டி வேகம் குறைந்துகொண்டிருந்தது. நடைமேடை வந்துவிட்டது. சொல்ல எனக்கு முழுசாக ஒரு நிமிஷம் இருந்தது.

"இல்லீங்க மேஸ்திரி. அவங்களா அப்படி நினைச்சுக்கிட்டாங்க" என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. அத்தனை நாளாக ஏதோ ஒன்றைத் தாங்கிக்கொண்டிருந்தவர் போலப் பெருமூச்சு விட்டார். "எனக்குத் தெரியுமுங்க. உங்களால அப்பிடிச் சொல்ல முடியாதுங்க. இருந்தாலும் கேட்டுப்போடலாம்னுதான்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கினார்.

அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் ஒரே ஆலையில் வேலை பார்த்தோம். நான் படிப்படியாக மேலே போனேன். அவர் மேஸ்திரியாகவே ஓய்வு பெற்றார். அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்கு வந்து கூப்பிட்டார். போனேன். வந்தவர்களிடமெல்லாம், "சீமையில என்னயக் கூடப் பொறந்தவனாட்டம் பாத்துக்கிட்டவருங்க" என்று என்னைக் காட்டினார். அன்றைக்காவது தனியே அழைத்துப் போய்ச் சொல்லியிருக்கலாம். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அவர் இறந்து பல வருஷம் ஆகிறது. எனக்கும் எண்பது தாண்டிவிட்டது. எடுத்த நான்கு ஷில்லிங்கை இரண்டே நாளில் திருப்பி வைத்துவிட்டேன். ஈரோட்டு ஸ்டேஷனில் சொன்ன அந்த 'இல்லீங்க'வைத் திரும்பப் பெற அவர் எனக்கு இருபத்திரண்டு வருஷம் கொடுத்தார், அவர் இருந்தவரை எனக்கு வாய் வரவில்லை என்பதைத்தான் இன்று முன்பின் தெரியாத உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.